புகார் கொடுக்க ஸ்டேஷன் போனீங்களா? என்ன நடந்துச்சு?

மதுரைக்காரி:
செல்போன் பறிப்பு. பைக்ல ரெண்டு பேர், வழக்கமான கதைதான். ஸ்டேஷன்ல எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரர், ரைட்டர், என் மனுவைப் படிச்சிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பறிச்சாங்கன்னு போடாதம்மா. பஸ்ல தொலைஞ்சதுன்னு எழுது, இப்பவே சிஎஸ்ஆர் ரசீது தரேன், சிம் வாங்கிக்கலாம்." முழங்கைச் சிராய்ப்புல ரத்தம்கூடக் காயலை. அதைப் பார்த்துக்கிட்டே பேனா மூடியைக் கழட்டி நீட்டுறார். அதட்டியிருந்தா மறந்திருப்பேன். அவ்வளவு பாசமா சொன்னார்!

பழையபேட்டை:
உங்களுக்காவது பேனா நீட்டினாங்க. வாகனச் சோதனைல பிடிச்ச என் தம்பி விடியக்காலைல கன்னம் வீங்கி வந்தான். அவனை உட்கார வச்ச பெஞ்சுக்கு நேர் மேல கேமரா, சிவப்பு லைட் எரிஞ்சதை நானே பார்த்தேன். ஆர்டிஐ போட்டா "பழுது"ன்னு பதில். 2020ல போலீஸ் அடிச்சு அப்பாவும் மகனும் செத்தாங்களே, அந்தச் சாத்தான்குளம் ஸ்டேஷன்ல 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருந்தும் பதிவு அன்னன்னைக்கே அழியுற மாதிரிதானே வச்சிருந்தாங்க. அதே வருஷம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் 18 மாசப் பதிவு இருக்கணும்னு சொல்லியாச்சு. யார் கேட்டா?

வக்கீல்குமாஸ்தா:
@மதுரைக்காரி அப்படி எழுதிக் கொடுத்தது தப்பு. பறிப்பு, ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 304வது பிரிவு, வாரன்ட் இல்லாமலே போலீஸ் கைது பண்ணக்கூடிய குற்றம். இந்த மாதிரி குற்றத்துக்கு எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு சுப்ரீம் கோர்ட்டோட லலிதா குமாரி தீர்ப்பு 2013லயே வந்தாச்சு. இப்போ டிஎஸ்பி அனுமதியோட 14 நாள் முதல்கட்ட விசாரணை வேணா பண்ணலாம், அதுக்கு மேல இழுக்க முடியாது. எஃப்ஐஆர் நகல் இலவசம். போட மறுத்தா, சிஆர்பிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டம் 173(4): எஸ்பிக்குப் பதிவுத் தபால், அப்பவும் நகரலைன்னா மாஜிஸ்திரேட். ஒப்புகை அட்டையைப் பத்திரமா வைங்க. @பழையபேட்டை போலீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்கிற மாவட்டப் புகார் ஆணையத்துக்கு எழுதுங்க.

மதுரைக்காரி:
நான் எழுதிக் கொடுத்தேன்னு எங்க சொன்னேன்?

பழையபேட்டை:
ஆணையமா? 2013 சட்டப்படி அதுக்குத் தலைவர் கலெக்டர், உறுப்பினர் எஸ்பி! 2006ல போலீஸ் சீர்திருத்தம் பத்தின பிரகாஷ் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் தலைவராக் கேட்டது ஓய்வுபெற்ற நீதிபதியை. போலீஸ் மேல போலீஸ்கிட்டயே புகார் சொல்லணுமாக்கும்.

எஸ்எஸ்ஐமகன்:
ரைட்டரை மட்டும் திட்டாதீங்க. பறிப்பு கேஸ் ஒண்ணு கூடுதலா ஏறினா மறுநாள் வயர்லெஸ் மைக்ல எல்லா ஸ்டேஷனும் கேட்க அதிகாரி திட்டித் தீர்ப்பார். எஸ்எஸ்ஐயா (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டரா) இருந்த எங்க அப்பா சோத்துக் கையோட எழுந்து நின்னு "சரிங்கய்யா, சரிங்கய்யா"ம்பார். நாங்க சின்னப் பசங்க, பார்த்துக்கிட்டே இருப்போம். கேஸ் கம்மியா காட்டினா நல்ல ஸ்டேஷன்னு பேர் கொடுக்கிறவரைக்கும் எந்த ரைட்டரும் அந்தப் பேனாவைத்தான் நீட்டுவார்.

பழையபேட்டை:
சரி, அதுல என் தம்பி கன்னம் எந்தக் கணக்குல வருது?