நம்ம வீடு குழு: மெட்டாலிக்காவின் புதுப் பாடல் வரிகள்

சித்தப்பா: நேற்று ராத்திரி அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிக்கா 2023இல் வெளியிட்ட 72 சீசன்ஸ் தொகுப்பை வரிகளைப் படித்துக்கொண்டே முழுதாகக் கேட்டு முடித்தேன். 12 பாட்டு, 77 நிமிடம். கிட்டாரில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வரிகள்தான் மனதில் ஒட்டவில்லை. மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் பாட்டை எழுதிய பாடகர் ஹெட்ஃபீல்டா இதையும் எழுதினார் என்று வருத்தமாக இருந்தது.

தம்பி: எந்தப் பாட்டைச் சொல்றீங்க அப்பா?

சித்தப்பா: ஒரு பாட்டு என்று இல்லை. பழைய பாட்டில் ஓர் ஆள் இருப்பான், அவனுக்கு ஒரு நிலைமை இருக்கும். ஒன் என்ற பாட்டில் போரில் கை, கால், கண், காது, பேச்சு எல்லாம் போய் மூளை மட்டும் விழித்திருக்கிற சிப்பாய். டிஸ்போசபிள் ஹீரோஸில் ஒரு பக்கம் போர்முனையில் நிற்கிற பையன், இன்னொரு பக்கம் அவனை விரட்டுகிற அதிகாரி. கேட்டால் கண் முன்னால் வரும். இதில் இருட்டு, வெளிச்சம், நிழல், வலி என்று சொற்களை அடுக்கிக்கொண்டே போகிறார். யாருக்கு இருட்டு, எதனால் வலி?

அண்ணன்: சித்தப்பா சொல்வதில் பாதி சரி. லக்ஸ் எடர்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த பாட்டு அதுதான், 2022 நவம்பரில். மூன்றரை நிமிடம்கூட இல்லை. கச்சேரிக் கூட்டத்தில் நிற்கிற உற்சாகம், அவ்வளவுதான் விஷயம். அதிலும் ஒரு சொற்றொடர் முதல் தொகுப்பில், 1983இல், மோட்டார்பிரெத் பாட்டில் வந்தது.

நான்: அண்ணா, அது தெரிந்தே எடுத்து வைத்தது. 20 வயதில் தான் எழுதியதை 60 வயதை நெருங்கும்போது கூட்டத்தோடு சேர்ந்து திரும்பச் சொல்கிறார். எனக்கும் அது பெரிய பாட்டு இல்லை, ஆனால் சரக்கு தீர்ந்துபோய் எழுதியதாகத் தெரியவில்லை.

அண்ணன்: சரி, அது போகட்டும். இஃப் டார்க்னஸ் ஹேட் எ சன்? டெம்ப்டேஷன் என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்துவதை வரி என்று எப்படிச் சொல்வது?

நான்: ஆசை காட்டுவது அப்படித்தானே வரும்? குடிப்பழக்கத்தோடு போராடும் ஆளுக்கு அந்த ஒரு சொல்தான் நாள் முழுக்கத் தலைக்குள் அடித்துக்கொண்டிருக்கும். ஹெட்ஃபீல்ட் 2001இல் சிகிச்சைக்குப் போனவர். 2019இல் மறுபடியும் போனார், அதற்காக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கச்சேரிகளையே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு எழுதிய முதல் தொகுப்பு இது. இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சித்தப்பா: இல்லம்மா, அதைத்தான் நான் ஏற்க மாட்டேன். அவர் வாழ்க்கை தெரிந்தால்தான் பாட்டு புரியும் என்றால் பாட்டு பாதி வேலைதான் செய்திருக்கிறது. மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸைக் கேசட்டில் கேட்டபோது எனக்கு அவர் முகம்கூடத் தெரியாது. பாட்டில் பேசுகிறதே ஒரு குரல், அது போதைப்பொருளின் குரல் என்று பிடிபட்ட அன்று உடம்பு சிலிர்த்தது. மனிதன் போதையைப் பற்றிப் பேசவில்லை, போதை மனிதனைப் பார்த்து "நான்தான் உன் எஜமான்" என்கிறது. 1986. அவருக்கு வயது 22.

தம்பி: அப்பா, அப்படின்னா ஸ்க்ரீமிங் சூயிசைட் பாட்டை இன்னொரு தடவை கேளுங்க. அதிலும் அதே முறைதான்.

சித்தப்பா: எப்படி?

தம்பி: பேசுவது யார் என்று பாருங்கள். பாடகர் இல்லை, சாக நினைக்கிற ஆளும் இல்லை. தற்கொலை எண்ணமே பேசுகிறது. உனக்குள் என் குரல் வரும், பயத்தை நான்தான் கற்றுத் தருவேன், என்னை உள்ளேயே வைத்திரு என்று சொல்லிக்கொண்டே போய்த் தன் பெயரையும் அதுவே சொல்கிறது. மாஸ்டரில் போதை பேசுகிற மாதிரி.

சித்தி: இந்தப் பாட்டையா நீ கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறாய்?

தம்பி: அம்மா, பயப்படாதீங்க.

சித்தி: பயப்படாமல் எப்படி இருப்பேன். தலைப்பைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. நீங்கள் எல்லாரும் எதுகை மோனை பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான்: சித்தி, நீங்கள் கேட்டது நியாயம். அந்தப் பாட்டு வெளியானபோது ஹெட்ஃபீல்டே இதைப் பற்றிச் சொன்னார். அந்தச் சொல்லையே வாயில் எடுக்கக்கூடாது என்று இருக்கிறோம், உள்ளே உணர்கிற இருட்டைப் பற்றி வெளியே பேச வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன் என்கிற பொருளில். இதே குழு 1984இல் ஃபேட் டு பிளாக் என்று ஒரு பாட்டு போட்டது. அதில் சாகப்போகிறவனே தன்வாயால் விடைபெறுகிறான். அவனோடு யாரும் பேசுவதில்லை, அவனும் யாரிடமும் பேசுவதில்லை, பாட்டு முடிந்துவிடுகிறது. 2023இல் வந்ததில் அந்த எண்ணம் வேறு, மனிதன் வேறு. அது பேசுகிறது, அவன் கேட்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் அதை எதிர்த்து நிற்கலாம். என்னைக் கேட்டால் பழைய பாட்டைவிட இதைத்தான் ஒரு பிள்ளை கையில் கொடுப்பேன்.

சித்தி: நீ சொல்வது புரிகிறது. ஆனாலும் நான் அவனிடமே நேரில் கேட்பேன்.

தம்பி: கேளுங்க அம்மா. எனக்கு அந்த மாதிரி எண்ணம் இல்லை. வந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்வேன். வகுப்பில் ஒருவன் அப்படிப் பேசினான், அதனால்தான் இந்தப் பாட்டைக் கேட்டேன். அவன் இப்போது அவன் அக்காவிடம் சொல்லிவிட்டான்.

சித்தி: நல்லது செய்தான். சாயங்காலம் அந்தப் பையனைப் பற்றிப் பேசலாம்.

சித்தப்பா: இப்போதுதான் அந்தப் பாட்டை மறுபடி கேட்டேன். நீ சொன்னது சரிதான்டா. யார் பேசுகிறார்கள் என்று நேற்று நான் கவனிக்கவில்லை, வேகமான தாளத்தில் போய்விட்டது. இந்த ஒன்று நல்ல பாட்டு. மற்ற பதினொன்றுக்கு என்ன சொல்கிறீர்கள்?

அண்ணன்: எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. என்டர் சாண்ட்மேன் முதலில் எழுதியபோது வரிகள் வேறு. தொட்டிலில் குழந்தை இறந்துபோவதைப் பற்றி இருந்தது. தயாரிப்பாளர் பாப் ராக்கும் குழுவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக்கும் "இன்னும் நன்றாக எழுத முடியும்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். திரும்ப எழுதியதுதான் 1991இல் உலகம் முழுக்கப் போனது. இந்தத் தொகுப்பில் அப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்து "இந்த இரண்டு பத்தி வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் 12 பாட்டு எட்டாகியிருக்கும். எட்டும் நின்றிருக்கும்.

நான்: இதில் உன்னோடு சண்டைக்கு வரமாட்டேன். சேசிங் லைட், கிரவுன் ஆஃப் பார்ப்ட் வயர் இரண்டும் இல்லாவிட்டாலும் தொகுப்புக்கு ஒன்றும் ஆகாது.

தம்பி: சேசிங் லைட் எனக்குப் பிடிக்கும் அக்கா.

நான்: பிடிக்கட்டும்டா, தப்பில்லை. நான் வேறு ஒன்று சொல்ல வருகிறேன், கொஞ்சம் நீளமாகும்.

நான்: சித்தப்பா, கதை போய்விட்டது என்கிறீர்கள். எங்கே போனது என்று பார்த்தால் எனக்குப் படுவது இது. தி அன்ஃபர்கிவன் மூன்று பாகம் இருக்கிறது அல்லவா, 1991, 1997, 2008. முதல் பாகத்தில் ஒரு குழந்தை பிறக்கிறது, "அவர்கள்" அதை அடக்குகிறார்கள், அவன் கிழவனாகிக் கசப்போடு சாகிறான். குற்றம் முழுக்க "அவர்கள்" மேல். மூன்றாம் பாகத்தில் கப்பலேறிப் பொன் தேடிப் போகிற ஒருவன், கடைசியில் என்ன கேட்கிறான்? மன்னிக்க முடியாதது என்னைத்தான் என்னும்போது உன்னை எப்படிக் குறை சொல்வேன் என்கிறான். 17 வருடத்தில் விரல் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு அவரால் பழைய மாதிரி எழுத முடியாது. வெளியே ஒரு எதிரி இருந்தால் கதை எழுதுவது சுலபம், படைத்தளபதி, நீதிபதி, போதை என்று ஒரு முகம் கிடைக்கும். எதிரி தானே என்று ஆன பிறகு முகம் எங்கே இருக்கிறது? அதனால்தான் நிழல், கண்ணாடி, இருட்டு எல்லாம் வருகிறது.

சித்தப்பா: இது யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் காரணம் நல்லதாக இருந்தால் வரி நல்லதாகிவிடாது.

நான்: ஆகாது. அதனால் வரிக்கே வருகிறேன். ரூம் ஆஃப் மிரர்ஸ் பல்லவியை எடுங்கள். ஆறு வினைச்சொல் வரிசையாக வருகிறது, பெரும்பாலும் ஒரே ஈற்று ஓசை, நம் இயைபு மாதிரி. முதல் தடவை எனக்கும் அகராதியைப் பார்த்து அடுக்கினது போலத்தான் இருந்தது. அப்புறம் பொருளைப் பாருங்கள். என் வலியைக் குறை சொல்வாயா, துருவுவாயா, முத்திரை குத்துவாயா, சுருக்கி முடிப்பாயா, தட்டிக்கொடுப்பது போல மட்டம் தட்டுவாயா, பைத்தியம் என்று வகைப்படுத்துவாயா? ஆறும் அவன் செய்வது இல்லை. அவன் வாய் திறந்தால் எதிரில் இருப்பவர் செய்யக்கூடியவை. ஒரே ஓசை வருவதால் ஒவ்வொன்றும் அடுத்த அடி மாதிரி விழுகிறது. உடைந்த நிலையில் உன் முன்னால் வந்து நிற்கலாமா என்று கேட்கிற ஆளுக்கு இதைவிட எப்படிப் பயம் வரும்?

அண்ணன்: இது நன்றாக இருக்கிறது.

சித்தப்பா: இயைபு வேலை செய்கிற இடம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1986இல் அவர் இவ்வளவு இயைபை நம்பி இருக்கவில்லை.

தம்பி: அப்பா, தலைப்பின் கணக்கு தெரியுமா? வருடத்துக்கு நாலு பருவம், 72 பருவம் என்றால் 18 வருடம். பிறந்ததிலிருந்து 18 வரைக்கும் அப்பா அம்மா சொல்லிக்கொடுத்தது, "நீ இப்படிப்பட்டவன்" என்று மற்றவர் சொன்னது எல்லாம் சேர்ந்து நம்மை ஆக்குகிறது, பெரியவனான பிறகு அதற்குள்ளேயே கைதியாக இருக்கிறோமா, உடைத்து வெளியே வருகிறோமா என்பதுதான் கேள்வி என்று ஹெட்ஃபீல்ட் சொல்லியிருக்கிறார். எனக்கு 18 ஆக இன்னும் சில மாதம்தான். அதனால் எனக்கு இது பழைய ஆளின் பாட்டாகத் தெரியவில்லை.

சித்தப்பா: அதே விஷயத்துக்கு டயர்ஸ் ஈவ் இருக்கிறதே. 1988. அப்பா அம்மாவுக்கு எழுதுகிற கடிதம். அதில் இருக்கிற நெருப்பு இதில் எங்கே?

நான்: நெருப்பு குறைவுதான் சித்தப்பா. அவர் வளர்ந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். 13 வயதில் அப்பா விட்டுப் போகிறார். குடும்பம் கிறிஸ்தவ அறிவியல் சபையைச் சேர்ந்தது, மருந்து கிடையாது. அம்மா புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்காமல் 1980இல் இறந்தபோது இவருக்கு 16. டயர்ஸ் ஈவ் எழுதும்போது அந்தக் காயத்துக்கு எட்டு வருடம்தான் ஆகியிருந்தது, தி காட் தட் ஃபெயில்ட் பாட்டு வரும்போது 11 வருடம். அப்போது கோபம்தான் வரும், வர வேண்டியதும் அதுதான். இப்போது அவரே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். தான் வாங்கியதைத் தானும் யாருக்கோ கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இருக்காது. அந்த வயதில் கடிதம் எழுதினால் கத்த முடியாது.

சித்தி: இதை நான் பாட்டு கேட்காமலே ஒத்துக்கொள்வேன்.

சித்தப்பா: எல்லாரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டீர்கள். சரி, உங்களுக்கு இதில் எது உச்சம்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். இன்று ராத்திரி அதை மட்டும் கேட்கிறேன்.

தம்பி: ஸ்க்ரீமிங் சூயிசைட்.

அண்ணன்: ஷேடோஸ் ஃபாலோ.

நான்: இனமொராட்டா. கடைசிப் பாட்டு, 11 நிமிடத்துக்கு மேல். இத்தனை வருடத்தில் அவர்கள் தாங்களே எழுதித் தனியாகப் பதிந்த பாட்டுகளிலேயே நீளம்.

சித்தப்பா: நேற்று அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

நான்: அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் தேடுகிற ஆள் அதில் இருக்கிறாள். துயரத்தைக் காதலியாக வைத்திருக்கிறார். முதலில் அவள் என்னை நேசிக்கிறாள், அவளைவிட நான் அதிகம் நேசிக்கிறேன் என்கிறார். துக்கத்தை விடாமல் பிடித்து வைத்திருப்பது தான்தான் என்று தெரிந்த ஆள் சொல்வது அது. நடுவில் எல்லாம் அடங்கி குழுவின் ட்ருஹீயோ வாசிக்கிற பேஸ் கிட்டார் மட்டும் தனியாக நடக்கும். அதற்குப் பின் வருகிற வரியைக் கவனியுங்கள். அவள் என்னை நிறைக்கிறாள், ஆனாலும் நான் வாழ்வது அவளுக்காக இல்லை என்று முடிக்கிறார். அவளை விரட்டிவிட்டேன் என்று பொய் சொல்லவில்லை. இருக்கட்டும், ஆனால் அவளுக்காக வாழவில்லை. எளிமையான சொற்கள்தான், 22 வயதில் அவரால் அதை எழுதியிருக்க முடியாது.

அண்ணன்: ஹெட்ஃபோனில் கேளுங்கள் சித்தப்பா. பேஸ் வரும் இடம் ஒலிபெருக்கியில் காணாமல் போகிறது.

சித்தப்பா: சரி. வரிகளை மட்டும் யாராவது இங்கே போட்டு வையுங்கள், சின்ன எழுத்து எனக்குத் தெரிவதில்லை.

தம்பி: நான் பெரிய எழுத்தில் எடுத்துத் தருகிறேன் அப்பா. நானும் கூட உட்கார்ந்து கேட்கலாமா?

சித்தப்பா: வா. ஆனால் லக்ஸ் எடர்னா பற்றி மட்டும் என்னை மாற்ற முடியாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

நான்: அதில் உங்களோடு அண்ணாவும் இருக்கிறார். நாளைக்கு ரூம் ஆஃப் மிரர்ஸையும் சேர்த்துப் பேசலாம். அந்த ஆறு சொல்லில் எது சும்மா ஓசைக்காக வந்தது என்று நீங்களே சொல்லுங்கள், எனக்கு ஒன்றின் மேல் சந்தேகம் இருக்கிறது.