வெள்ளை ராஜ்மாவும் அம்முவின் இரும்புச்சத்தும்

தேவி: அம்முவுக்கு ஹீமோகுளோபின் 9.8தான் இருக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டையும் கவனிக்கச் சொன்னார். வெள்ளை ராஜ்மா அரை கிலோ வாங்கி வந்திருக்கிறேன். 100 கிராமில் 10 மில்லிகிராம் இரும்பு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா வாணி அக்கா?

வாணி அக்கா: உண்மைதான் தேவி, ஆனால் அது காய்ந்த பயறின் கணக்கு. வேகும்போது தண்ணீர் இழுத்து எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். வெந்த 100 கிராமில் இரும்பு 3.7 மி.கி., புரதம் கிட்டத்தட்ட 10 கிராம், நார்ச்சத்து 6 கிராம், கால்சியம் 90 மி.கி. இதுவே ரொம்ப நல்ல அளவு.

வாணி அக்கா: அந்த இரும்பு முழுதும் உடம்பில் சேராது. பயறில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எலுமிச்சை பிழிந்து கொடு, இல்லையென்றால் கூடவே இரண்டு துண்டு கொய்யா. டீ மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடு. மாத்திரையை நிறுத்திவிடாதே.

தேவி: ஐயோ, அவள் சாப்பிட்ட கையோடு டீ கேட்பாள். இன்றைக்கே மாற்றுகிறேன் அக்கா.

பெரியம்மா: ராத்திரியே ஊறப்போடு கண்ணு. முதலில் தோல் மட்டும் சுருங்கும். ஊறிவிட்டது என்று எடுத்துவிடாதே. உள்ளே பருப்பு பெருத்ததும் சுருக்கம் போய்த் தோல் வழவழவென்று ஆகும். அப்புறம்தான் வேகவைக்கணும். புளி, தக்காளி எல்லாம் நன்றாக வெந்த பிறகு. முன்னாலேயே சேர்த்தால் எத்தனை நேரம் அடுப்பில் வைத்தாலும் மசியாது.

கார்த்தி (லண்டன்): பெரியம்மா, நான் ஊறவைத்தும் மாட்டிக்கொண்டேன். ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டில் போட்டு, அரை வேக்காட்டில் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் வாந்தி.

வாணி அக்கா: பயறில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதத்தின் வேலை அது கார்த்தி. சிவப்பு ராஜ்மாவில் அதிகம், வெள்ளையில் குறைவு, ஆனாலும் இருக்கிறது. 80 டிகிரி சூட்டில் அது அழியாது, தளதளவென்று கொதிக்க வேண்டும். 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்க விடு. தேவி, உனக்குக் கவலையில்லை, நம் பிரஷர் குக்கரே பார்த்துக்கொள்ளும். விரலால் நசுக்கினால் மாவாக மசியணும்.

சித்தப்பா: எனக்கும் ஆகுமா வாணி? சிறுநீரகத்துக்குப் பார்க்கிற ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கூடியிருக்கிறதே.

வாணி அக்கா: டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் சித்தப்பா. வெந்த 100 கிராமில் பொட்டாசியம் 560 மி.கி. இருக்கிறது. வாழைப்பழத்தில்கூட 360தான். உங்களுக்கு வாழைப்பழத்தையே குறைக்கச் சொல்லியிருக்கிறார்களே.

சித்தப்பா: சரிம்மா. வியாழக்கிழமை போகும்போது கேட்கிறேன்.

தேவி: ஊறப்போட்டாயிற்று. தோல் சுருங்க ஆரம்பித்துவிட்டது பெரியம்மா. நாளைக்குக் குழம்பா, சுண்டலா?

பெரியம்மா: பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுப்பதென்றால் சுண்டல். இறக்கினதும் எலுமிச்சை பிழிந்துவிடு.