எண்ணெய் பூசின உடம்பு: தோள்ல வெள்ளைத் திட்டு, வயித்துக் கட்டே தெரியல. உதவி வேணும்

தல்லாகுளம் கிளிக்

வணக்கம். என் மாமா மகன் சிலம்பம் ஆடுறவன், ஆணழகன் போட்டிக்கும் தயாராகிட்டிருக்கான். நல்ல கறுப்பு, இழைச்சு எடுத்த உடம்பு. மேடைப் படம் மாதிரி இல்லாம, கறுப்பு வெள்ளையில பெருசா பிரிண்ட் போட்டு மாட்டுற மாதிரி ஒரு வரிசை எடுக்கணும்னு ரெண்டு பேருக்கும் ஆசை. கோயில் தூண் சிலை மாதிரி வரணும்னு அவன் சொன்னான்.

எடுத்தது அவன் ஜிம் மாடியில, சாயந்திரம். இளம்பச்சை சுவர், மேல டியூப் லைட். ரெண்டு ஸ்பீட்லைட் (கையடக்க ஃப்ளாஷ்), வெள்ளைக் குடையோட இடமும் வலமும் 45 டிகிரியில, பவர் 1/32. லென்ஸ் 50 எம்எம், எஃப் 2.8, 1/160, ஐஎஸ்ஓ 400. தேங்காய் எண்ணெய் தாராளமா தேய்ச்சிருந்தோம்.

நெத்தி, தோள், நெஞ்சு மேடு எல்லாத்துலயும் வெள்ளைத் திட்டு விழுது. வயித்துக் கட்டு பூராம் மழுங்கிப் போகுது. தோல் சாம்பல் பூத்து, நிழல்ல லேசா பச்சை அடிக்குது. எக்ஸ்போஷரைக் குறைச்சா திட்டு அப்படியே நிக்க, மத்தது இருட்டாகுது. கூட்டினா ஆளே வெளுத்துப் போறான். மூணாவது லைட் வாங்கணுமா? இல்ல போலரைசர் ஃபில்டர் போட்டா சரியாகுமா?

பிக்சல் பாண்டி

எண்ணெய் சாஸ்தி மாப்ள. துடைச்சிட்டு எடு. மிச்சத்தை லைட்ரூம் சாஃப்ட்வேர்ல கிளாரிட்டி கூட்டிப் பாத்துக்கலாம்.

தல்லாகுளம் கிளிக்

துடைச்சும் எடுத்துப் பாத்தேன் மாப்ள. திட்டு போச்சு, கட்டும் கூடவே போச்சு. கிளாரிட்டியைக் கூட்டினா உடம்புல புழுதி அப்பின மாதிரி இருக்கு.

வைகைக்கரை

தம்பி, லைட் எதுவும் வாங்காதீங்க. போலரைசரும் பையிலயே இருக்கட்டும். அது எண்ணெய் மினுக்கத்தைத் தின்னுடும். உங்களுக்கு வேண்டியதே அந்த மினுக்கம்தான்.

வெளுத்த தோல்ல தசையைக் காட்டுறது நிழல். வெளிச்சம் பட்ட இடம் பளிச்சுனு இருக்கும், படாத இடம் படிப்படியா இறங்கும். கறுத்த தோல் வெளிச்சத்தைக் குடிச்சிடும், அந்த இறக்கம் அவ்வளவா கண்ணுக்குப் படாது. அங்க வடிவத்தை வரையுறது மேல வழுக்குற பிரதிபலிப்புதான். தோள்ல விழுந்த அந்தத் திட்டு வேற ஒண்ணுமில்ல, எண்ணெயில தெரியுற உங்க குடையோட பிம்பம். குடை சின்னது, அதனால பிம்பமும் சின்னது, கண்ணைக் கூசுது. அதே வெளிச்சத்தை ஒரு பெரிய பரப்புல பரப்பி விட்டா, திட்டு ஒரு நீளமான மெத்துனு ஒளிப்பட்டையா மாறி தசை வளையுற பக்கமெல்லாம் கூடவே வளையும்.

பெரிய பரப்புக்கு எங்க போறதுனு கேக்காதீங்க. வீட்டுல வெள்ளை நாலு முழ வேட்டி இருக்கும்ல? மாடிக் கொடியில ஒத்தையா தொங்க விடுங்க. பையனுக்கு ஒரு பக்கமா, அவன் தோளுக்குக் கொஞ்சம் பின்னால தள்ளி, மூணு நாலு அடி தூரத்துல. ரெண்டு ஃப்ளாஷும் அந்த வேட்டிக்குப் பின்னால போகட்டும், ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. இடமும் வலமும் சமமா அடிச்சா ஒண்ணு போடுற நிழலை இன்னொண்ணு அழிச்சிடும். உங்க வயித்துக் கட்டு அங்கதான் காணாமப் போச்சு. எதிர்ப் பக்கம் ஐயப்பனுக்கு மாலை போடுறப்ப கட்டுற கறுப்பு வேட்டியைத் தொங்க விடுங்க. பச்சைச் சுவர்ல பட்டுத் திரும்புற வெளிச்சத்தை அது முழுங்கிடும்.

பச்சை அடிக்கிறதுல பாதி டியூப் லைட்டோட வேலை. அணைக்க முடிஞ்சா அணைச்சிடுங்க. முடியலைன்னா ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6 வைங்க. ரெண்டும் சேர்ந்து நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது), ரூம் வெளிச்சம் 16-ல ஒரு பங்காயிடும். ஃப்ளாஷும் அதே அளவு இறங்கும்ங்கிறதால அதை 1/2-க்கு ஏத்துங்க. வேட்டி ஒரு ஸ்டாப்பாவது தின்னும், ரெண்டு ஃப்ளாஷ் இருக்கறதால ஈடாயிடும். டிடிஎல் (ஃப்ளாஷ் அளவை கேமராவே முடிவு பண்ற முறை) வேண்டாம், மேனுவல்தான். கறுப்பு ஆள், கறுப்புப் பின்னணியைப் பாத்தா கேமரா இருட்டுனு நினைச்சு வெளிச்சத்தைத் தூக்கிக் குடுக்கும். அப்பவும் தோல் சாம்பல் பூக்கும்.

சிலைனு சொன்னீங்கள்ல. அந்தக் காலத்து ஐரோப்பிய ஆணழகன் யூஜின் சாண்டோ (1867–1925) உடம்பு பூரா வெள்ளைப் பவுடர் பூசிக்கிட்டு பளிங்குச் சிலை கணக்கா நிப்பாரு. அது அவங்க ஊர்க் கல்லு. நம்மளது கருங்கல்லு. மீனாட்சி அம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்துல அகோர வீரபத்திரர் முன்னால போய் நில்லுங்க. ரெண்டடி இடம் மாறிப் பாருங்க, தொடையில இருக்குற ஒளிக்கோடு உங்க கூடவே நகரும். 2018 தீ விபத்துக்கு அப்புறம் உள்ள போன் கொண்டு போக முடியாது. ஒருவகையில நல்லதுதான், கண்ணால மட்டும் பாப்பீங்க.

ஆசான் பேரன்

லைட் சமாச்சாரம் அண்ணன் சொன்னதுதான். உடம்பு பக்கம் நான் சொல்றேன். தேங்காய் எண்ணெய் நம்மூர் வெக்கைக்கு வழிஞ்சு ஓடும். உள்ளங்கையில கொஞ்சமா எடுத்துத் தேய்ச்சு, துண்டால ஒத்தி எடுத்துடுங்க. மூஞ்சில வேண்டவே வேண்டாம். வேர்வைத் துளி மாதிரி வேணும்னா கிளிசரினும் தண்ணியும் கலந்து ஸ்ப்ரே பண்ணுங்க, சீக்கிரம் காயாது. மேடைக்குப் பூசுற டேன் சாயம் பூசிடாதீங்க, கிட்டக்க எடுத்தா திட்டுத் திட்டா தெரியும்.

தண்ணி குடிக்காம கிடந்தா கட்டு தெரியும்னு யாராவது சொல்லுவாங்க. கேக்காதீங்க, மயங்கி விழுவான். படம் எடுக்குறதுக்கு முன்னாடி கர்லாக்கட்டை கொஞ்ச நேரம் சுத்தட்டும், தோளும் முதுகும் தன்னால ஏறிக்கும். மேடை போஸ் பூராம் நடுவருக்கு நேரா நிக்கிறதுக்கு உண்டானது, பக்கத்து வெளிச்சத்துக்கு எடுபடாது. அவன்தான் கம்பு புடிக்கிறவனாச்சே! கால் வரிசை போட்டு நிக்கச் சொல்லுங்க. எடை ஒரு கால்ல, இடுப்பு ஒரு பக்கம், தோள் இன்னொரு பக்கம் திரும்பும். அந்த முறுக்குல விலாப் பக்கம் தெரியுற தசை எந்த ஜிம் போஸ்லயும் வராது. மூச்சை முழுசா வெளிய விடுற கணத்துல அமுக்குங்க.

மலர் எடுத்த படம்

தம்பி, ரெண்டு விஷயம். தலையை வெட்டிட்டு வெறும் உடம்பை எடுக்குறது இப்ப பேஷனா ஓடுது. எனக்கு அது கறிக்கடை படம்தான். முகம் இல்லைன்னா கையாவது இருக்கட்டும். கம்பு புடிச்சுப் புடிச்சுக் காப்புக் காய்ச்ச உள்ளங்கையை வேட்டி வெளிச்சத்துல ஒண்ணு தனியா எடுங்க.

அப்புறம், எந்தப் படம் எங்க போகும்னு எழுதி அவன்ட்ட கையெழுத்து வாங்கிக்கங்க, சொந்தக்காரனா இருந்தாலும். ஜிம்காரங்க விளம்பரத்துக்குக் கேட்டா அதுக்கு வேற பேச்சு. வெளிய எடுக்கணும்னா கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வெள்ளன போங்க. ஆனா அது பாதுகாக்கப்பட்ட இடம், பெரிய செட்டப்புக்கு முன் அனுமதி வேணும். அடிவாரத்துல அய்யனார் கோயில் இருக்கு, போஸ் ஜட்டியோட அங்க நிக்க வேண்டாம். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, படத்துக்கும் அதுதான் அழகு.

தல்லாகுளம் கிளிக்

அண்ணே, வேட்டி வேலை செஞ்சிருச்சு! தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் ஒரே ஒளிக்கோடு, வயித்துக் கட்டு ஒவ்வொண்ணும் தனித்தனியா எழும்பி நிக்குது. திட்டு இல்ல, பச்சையும் இல்ல. ஒரே ஒரு சந்தேகம்: தோள்ல விழுற பட்டைக்கு நடுவுல மெலிசா ஒரு கறுப்புக் கோடு ஓடுது. எண்ணெய் வழிஞ்சதுனு துடைச்சா போகல.

வைகைக்கரை

அது வேட்டிக் கரை தம்பி. அந்த இடத்துல வெளிச்சம் ஊடுருவாது, அதுவும் பிம்பமா விழுது. கரை ஃப்ளாஷ் வட்டத்துக்கு வெளிய போற மாதிரி வேட்டியை நகத்துங்க, இல்லைன்னா கரையில்லாத மல் துணி வாங்கிக்கங்க. கறுப்பு வெள்ளையா மாத்துறப்ப ஆரஞ்சு ஸ்லைடரைக் கொஞ்சம் இறக்குங்க, நரம்பு எழும்பும். ரொம்ப இறக்கினா பருத் தழும்பும் எழும்பும்.

தல்லாகுளம் கிளிக்

கரையேதான்! சரியாயிருச்சு. பிரிண்ட் மேட்டா, கிளாஸியா?

வைகைக்கரை

லஸ்டர், ரெண்டுக்கும் நடுவுல லேசா மினுங்குற தாள். மேட்ல கறுப்பு ஆழமா இறங்காது. கிளாஸின்னா எதிர்ச் சுவர்ல இருக்குற டியூப் லைட்டே படத்துக்குள்ள வந்து நிக்கும்.