ஃபயர்வால் ஓட்டைகளை அடைக்க எந்த சீலன்ட்? கட்டடத்துக்கானதா, விமானத்துக்கானதா?

கராஜ்_ஆர்வி7
வணக்கம். டெக்சாஸில் வீட்டு கராஜில் ஆர்வி-7 கிட் (பாகங்களாக வாங்கி நாமே கட்டும் சின்ன விமானம்) கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபயர்வால், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே நிற்கும் ஸ்டெயின்லெஸ் தகடு பொருத்தியாயிற்று. இனி த்ராட்டில் கேபிள், பேட்டரி வயர், பெட்ரோல் குழாய் எல்லாம் அதைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். அந்த இடைவெளிகளுக்கு 3எம் ஃபயர் பேரியர் 2000+ போதும் என்று நினைக்கிறேன். கட்டடங்களுக்கான சரக்குதான், ஆனால் பல பில்டர்கள் இதைத்தான் பூசுகிறார்கள். விமானத்துக்கென்றே வரும் பிஆர்-812 விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

ஸ்பேனர்_கை
தம்பி, வேண்டாம். 30 வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் சொல்கிறேன். கட்டட சீலன்டைச் சோதிக்கும் உலை மெதுவாகச் சூடேறும். 5 நிமிடத்தில் 538 டிகிரி செல்சியஸ், 10 நிமிடத்தில் 704, ஒரு மணி நேரத்தில் 927. 1,093 டிகிரியைத் தொட 4 மணி நேரம் ஆகும். விமான ஃபயர்வாலுக்கான சோதனையில் சுடர் ஆரம்பத்திலேயே அந்த 1,093 டிகிரி. 15 நிமிடம் ஊடுருவாமல் நிற்க வேண்டும். அதோடு கட்டடத்தில் அதைச் சுவருக்குள் கனமாக அடைப்பார்கள், பின்னால் மினரல் வுல் இருக்கும். நீ பூசப்போவதோ தகட்டின் மேல் மெல்லிய ஒரு கோடு.

வால்சக்கரம்
ஸ்பேனர் அண்ணா, மன்னிக்கணும், ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த விதி தொழிற்சாலை விமானங்களுக்கு. நாங்கள் வீட்டில் கட்டுவது எக்ஸ்பெரிமென்டல் வகை, தொழிற்சாலை விமானங்களுக்கான பார்ட் 23 என்ற அமெரிக்க விதித்தொகுப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது. என் விமானத்தில் கட்டட சீலன்ட்தான், 400 மணி நேரம் பறந்தாயிற்று, ஒரு விரிசல் இல்லை. பிஆர்-812 இரண்டு பாகமாக வரும் சரக்கு, அதை அளவு தப்பாமல் கலக்க வேண்டும், திறந்தால் சீக்கிரம் பூசி முடிக்க வேண்டும். கராஜில் அரைகுறையாகக் கலந்த விமான சீலன்டைவிட, ஒழுங்காகப் பூசிய கட்டட சீலன்ட் மேல்.

ஸ்பேனர்_கை
சட்டம் கட்டுப்படுத்தாதுதான். நெருப்பும் அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு வருமா? 400 மணி நேரமும் உன் விமானத்தில் நெருப்பு வரவில்லை, அதற்குக் கடவுளுக்கு நன்றி. ஆனால் அதனாலேயே அந்த சீலன்டை எதுவும் சோதித்ததில்லை. அது இதுவரை கார்பன் மோனாக்சைடைத்தான் தடுத்திருக்கிறது.

வால்சக்கரம்
அதைத் தடுப்பதும் சின்ன வேலையா அண்ணா? எக்சாஸ்ட் கசிந்து கேபினுக்குள் புகுந்தால் மணம் தெரியாது, நிறம் தெரியாது. தினமும் பறக்கும்போது நமக்கு வேண்டிய பாதுகாப்பு அதுதான்.

கராஜ்_ஆர்வி7
இருவர் பேச்சையும் படித்துவிட்டுச் சனிக்கிழமை சோதித்தே பார்த்தேன். உள்ளங்கை அளவு ஸ்டெயின்லெஸ் துண்டுகள் இரண்டு. ஒன்றில் ரப்பர் கிராமெட் (துளை விளிம்பில் போடும் வளையம்) போட்டு கேபிளை நுழைத்து, மேலே சீலன்டைத் தடவினேன். இன்னொன்றில் ஸ்டெயின்லெஸ் குழாய்த் துண்டை ரிவெட் அடித்து, அதற்குள் கேபிளை விட்டு, சுற்றிலும் அதே சீலன்டைத் திணித்தேன். ஒரு வாரம் காயவிட்டேன். புரொப்பேன் டார்ச்.

முதல் துண்டில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிராமெட் இளகிச் சுருங்கியது. சீலன்ட் எரியவில்லை, ஆனால் அதற்குப் பிடிமானம் போய், அப்படியே கழன்று விழுந்தது. ஓட்டை வழியாக நீலச் சுடர் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. அங்கேதான் என் கால் இருக்கப்போகிறது.

இரண்டாவது துண்டில் 5 நிமிடம் பிடித்தேன். சீலன்டின் முகம் வெள்ளைச் சாம்பலாகப் பொருக்குத் தட்டியது, சுடர் தாண்டவில்லை. பின்பக்கம் மட்டும் புகைந்தது.

வால்சக்கரம்
பார்த்தீர்களா! சீலன்ட் தாங்கியது. தோற்றது கிராமெட்.

ஸ்பேனர்_கை
நல்ல வேலை செய்தாய் தம்பி, இதைப் பத்துப் பேர் செய்தால் பத்து உயிர் மிஞ்சும். கிராமெட் விஷயத்தில் வால்சக்கரம் சொல்வது சரி. அதே காரணத்துக்காக பெட்ரோல் குழாய்க்கு நீல நிற அலுமினிய பிட்டிங் வேண்டாம், ஸ்டீல் போடு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். ஆனால் உன் டார்ச்சில் எண்ணெய் இல்லை, எஞ்சின் அதிர்வு இல்லை, காற்று அழுத்தம் இல்லை. அந்தப் புகையும் எனக்குக் கவலைதான். அப்புறம், தகட்டின் கேபின் பக்கம் சத்தத்துக்காக ஃபோம் ஒட்டியிருந்தால் பிய்த்து எறி. தகடு பழுத்தால் முதலில் எரிவது அதுதான்.

வால்சக்கரம்
ஃபோம் விஷயத்தில் மறுபேச்சு இல்லை. சீலன்டில் நான் மாறவில்லை.

கராஜ்_ஆர்வி7
ஃபோம் ஒட்டியிருந்தேன். இன்று காலையில் சுரண்டி எடுத்துவிட்டேன். கேபிள்களுக்கெல்லாம் ஸ்டெயின்லெஸ் குழாயும், மேலே ஃபயர்ஸ்லீவும் (நெருப்பைத் தாங்கும் உறை), இறுக்க ஸ்டீல் கிளாம்பும் ஆர்டர் போட்டாயிற்று. குழாய் வாயை அடைக்க பிஆர்-812 ஒரே ஒரு சின்ன கிட். மீதி, தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்புகளுக்கு 3எம். ஸ்பேனர் சார், பூசுவதற்கு முன் தகட்டை எதனால் துடைக்க வேண்டும்?

ஸ்பேனர்_கை
முதலில் ஸ்காட்ச்-பிரைட்டால் தேய்த்துப் பளபளப்பை எடு. பிறகு அசிட்டோன். துணி அழுக்காகாமல் வரும்வரை துணியை மாற்றி மாற்றித் துடை. எஞ்சின் பக்கம் கட்டாயம் பூசு.