கரீபியன் கடற்கரையில் தம்பிக்குக் கலியாணம்: நாள், விசா, ஓமம்

கல்லடிக்காரி:
தம்பியும் பொம்பிளையும் கனடாவில, டொரொண்டோ ஸ்காபரோவில. கலியாணம் கரீபியன் தீவொண்டுல, கடற்கரையிலதான் எண்டு ஒரே பிடி. பார்படோசைப் பார்த்து வச்சிருக்காங்க. மொத்தம் 60 பேர், அதுல 12 பேர் மட்டக்களப்பு, கல்முனையில இருந்து இலங்கைப் பாஸ்போர்ட்டில போறவங்க. ஓகஸ்ட் கடைசி ஞாயிறு பின்னேரம் 4.30க்கு எண்டா ஹோட்டலில விலை குறைவாம். தாலி, ஓமம் எல்லாம் எங்கட முறைப்படி வேணும். எழுத்தையும், அதாவது சட்டப்படிப் பதிவையும், அங்கேயே முடிக்கலாமா? இஞ்ச இருந்து என்னென்ன கொண்டு போகணும்?

பாடுமீன்:
ஓகஸ்ட் கடைசி ஏன் மலிவு எண்டு முதல்ல கேளுங்க அக்கா. அங்க சூறாவளிக் காலம் ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரை. உச்சம் ஓகஸ்ட் நடுவில இருந்து ஒக்டோபர் நடு வரை. நமக்கு 78 நவம்பர்ச் சூறாவளி எப்பிடியோ, அவங்களுக்கு அந்த ரெண்டு மாசம் அப்பிடி. உச்சத்துக்கு வெளியிலயும் வரும்: 2024 ஜூலை 1இல பெரில் சூறாவளி கிரெனடாவுக்குச் சேர்ந்த கரியாகு தீவைச் சப்பளிச்சுப் போட்டுது. அந்தச் சுற்றில பார்படோசிலயும் மீன்பிடி வள்ளங்கள் கனக்க உடைஞ்சது.

டிசம்பர் நடுவில இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் மழை குறைவு, ஆனா அறை விலை உச்சம். அதோட மார்கழியும் இடையில வருது. என்ட கணக்கில நல்லது வைகாசி முதல் பாதி, அதாவது மே 15க்குப் பிறகு. வெயில் காலம் முடியல, விலையும் இறங்கியிருக்கும், ஜூன் பிறக்கல. ஒரு குறை, 2011க்குப் பிறகு அந்த நாட்களில சர்காசம் எண்ட பழுப்புப் பாசி கரையில குவியுது. அழுகினா கூழ்முட்டை நாத்தம். அது வந்து ஏறுறது பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்குக் கரையில. மேற்குக் கரையில, செயின்ட் ஜேம்ஸ் பக்கம் எடுங்க. கடலும் பாசிக்குடா மாதிரி அமைதி.

அடுத்தது ஞாயிறு 4.30. ராகுகாலத்தை எந்தக் கலண்டரில பார்த்தாங்க? ஞாயிற்றுக்கிழமை பகல்ப்பொழுதின்ட கடைசி எட்டில ஒரு பங்கு ராகுகாலம். ஓகஸ்ட் கடைசியில பார்படோசில சூரியன் ஏறத்தாழ 6.10க்குப் படும், அப்ப 4.35 தொடங்கிப் பொழுது படும் வரை ராகு. டொரொண்டோவில அந்த நாள் பொழுது படவே 8 மணியாகும், ராகு 6.15க்குத்தான் தொடங்கும். டொரொண்டோக் கலண்டரைப் பார்த்தா 4.30 சுத்தமா இருக்கிற மாதிரித் தெரியும், அங்க போய்த் தாலி கட்டுறது நடு ராகுவில. திதி, நட்சத்திரம் முடியிற நேரம் உலகமெல்லாம் ஒரே கணம்தான், மணியை மாத்தினாப் போதும். மே மாசம் டொரொண்டோ மணியும் பார்படோஸ் மணியும் ஒண்டு. லக்கினமும் ராகுவும் மட்டும் அந்த ஊர்ச் சூரிய உதயத்துக்குக் கணிக்கணும்.

ஹோட்டல்காரங்க பின்னேரத்தைத் தள்ளுறது படத்துக்காக. காலை 9.30 கேளுங்க. மட்டக்களப்பில அப்ப இரவு 7 மணி, வர முடியாத சனமும் போனில இருந்து பார்க்கும்.

வாவிக்கரை:
எழுத்தை அங்க வைக்காதீங்க. டொரொண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்திலயே முன்கூட்டி முடிச்சா நல்லம். அங்க எடுக்கிற கலியாண லைசன்ஸ் 90 நாளுக்குச் செல்லும், ஒன்டாரியோவுக்குள்ள மட்டும். நடத்துறவர் அங்க பதிஞ்சவரா இருக்கணும், சாட்சி ரெண்டு பேர். அத்தாட்சிப் பத்திரம் தானா வீட்டுக்கு வராது, பிறகு நாமதான் விண்ணப்பிச்சு எடுக்கணும். கன பேர் இதை மறந்துட்டு ஸ்பொன்சர் நேரத்தில ஓடித் திரிவாங்க. தீவில தாலி கட்டு மட்டும் எண்டா ஹோட்டலுக்கும் அப்பிடியே எழுதிக் குடுங்க, அவங்கட பதிவாளர் செலவு கழியும்.

12 பேரின்ட சிக்கல் தீவு விசாவில இல்ல, வழியிலதான். அமெரிக்கா வழியா எண்டா விமானம் மாறுறதுக்கே விசா வேணும். லண்டனில வெளிய வராம மாறினாலும் இலங்கையருக்கு ட்ரான்சிட் விசா வேணும். ஹீத்ரோவில இறங்கி கட்விக்கில ஏறுற டிக்கெட்டெண்டா நாட்டுக்குள்ள நுழையிறதாக் கணக்கு, அதுக்கு விசாவே வேற. மலிவு டிக்கெட் சிலது அப்பிடி வரும், போடுறதுக்கு முதல் விமான நிலையப் பெயரை ரெண்டு தரம் பாருங்க.

கனடா விசிட்டர் விசா எடுத்து டொரொண்டோவில சேர்ந்து, அங்க இருந்து நேர் விமானத்தில எல்லாரும் ஒண்டாப் போறது லேசு. விசா பலமுறை நுழைவா எண்டு ஸ்டிக்கரைப் பாருங்க. ஒருமுறை விசாவில பார்படோஸ் போனா திரும்பக் கனடாவுக்குள்ள வர ஏலாது.

இன்னொண்டு, அறை ஒப்பந்தம். 60 பேருக்கு 30 அறை. 80 வீதம் நிரப்பணும் எண்டு எழுதியிருந்தா 24 அறைக் காசு கட்டாயம். உங்கட 12 பேர் 6 அறை. அவங்களுக்கு விசா கிடைக்காட்டி மிச்சம் சரியா 24. ஸ்காபரோவில ஒரு சோடி கழண்டாலும் கைக்காசு. அந்த 6 அறைக்கும் விசா முடிவு வரைக்கும் தண்டம் இல்லாம விடலாம் எண்டு தனி வரி எழுதி வாங்குங்க.

கல்லடிக்காரி:
நன்றி தம்பிமார். காலை 9.30க்கு ஹோட்டல் சம்மதிச்சிட்டுது. ஆனா மணலில நெருப்பு கூடாதாம்.

ஆரையம்பதி பந்தல்காரன்:
“நெருப்பு” எண்டு கேட்டா இல்லை எண்டுதான் வரும் மகள். அவங்களுக்குக் கண்ணில தெரியிறது கும்பலாக் கொளுத்துற விறகு. ஓரடிக்கு ஓரடி இரும்புக் குண்டம், அடியில ரெண்டு வரி செங்கல், உள்ள மூண்டு அங்குலம் மணல், பக்கத்தில தீயணைப்புக் குழாய் ஒண்டு, ஒரு வாளி தண்ணி, எரியிறது 40 நிமிசம். படம் கீறி அளவு போட்டு அனுப்புங்க. பதிலை எழுத்தில வாங்குங்க, அண்டைக்கு டியூட்டியில நிற்கிறவன் வேற ஆளா இருப்பான்.

காத்து அங்க வருசம் முழுக்கக் கிழக்கால. பொண்ணு மாப்பிள்ளை இருக்கிறதும் கிழக்கைப் பார்த்து. அப்ப குண்டத்துப் புகை நேரா அவங்கட மூஞ்சியில அடிக்கும், கூறையிலயும் பொறி விழும். மேற்குக் கரையில ஹோட்டல் கட்டடம் கிழக்கால மறைக்கும், அதுக்கு ஒட்டினாப்போல மணவறையைப் போடுங்க. அதோட குண்டத்துக்குக் கிழக்கில மூண்டடி உயரத் தட்டி ஒண்டு. நைலோன் துணி வேண்டாம். பந்தல் காலை மணலில அடிச்சா நிக்காது. காலுக்கு ஒரு மணல் மூட்டை, ஒண்டரையடி ஆழத்தில புதைச்சுக் கயிறு கட்டணும்.

பொன்னுருக்கும் (தாலிக்குப் பொன் உருக்கிறது) கன்னிக்காலும் (முள்முருக்கங் கொப்பு நடுறது) வீட்டிலேயே முடியுங்க. முள்முருக்கங் கொப்பைப் பிளேனில ஏத்த விடமாட்டான். கற்பூரம் பெட்டியிலயும் கைப்பையிலயும் தடை, எரிபொருளாக் கணக்கு. நெய்த்திரி போதும். தேங்காய், மாவிலை, வாழையிலை அங்கேயே இருக்கு. ஓமத்துக்குப் பொச்சும் சிரட்டையும் கூட. வெற்றிலைக்கு என்ன மாற்று எண்டு ஐயரிட்ட இப்பவே கேளுங்க. அம்மிக்கு ரெண்டு மூண்டு கிலோவில ஒரு தட்டைக் கல்லுப் போதும், காலை வச்சா ஆடக் கூடாது. தாலிக்கொடி கையில, பெட்டியில இல்ல. சமையலுக்கு ஈரப்பலாக்காய் அங்க தாராளம், ஹோட்டல்காரனிட்டச் சொல்லிக் கறி வைப்பியுங்க.

பாடுமீன்:
ரெண்டு விசயம் விட்டுப் போச்சு. பார்படோசில ஆமிக்காரன் உடுப்பு மாதிரிப் புள்ளி போட்ட துணி சட்டப்படி தடை, சின்னப் பிள்ளைகளுக்கும்தான். மருமகன்மாரின்ட காற்சட்டை, தொப்பி, பள்ளிக்கூடப் பை எல்லாத்தையும் பெட்டி கட்டக்குள்ள பாருங்க.

மற்றது, கரையில மஞ்சினீல் எண்டு ஒரு மரம், சின்னப் பச்சை அப்பிள் மாதிரிக் காய்க்கும். பால் பட்டாத் தோல் கொப்பளிக்கும், மழைக்கு அதுக்குக் கீழ நின்றாலும் சொட்டுற தண்ணி சுடும். கன இடத்தில அடிமரத்தில சிவப்பு வளையம் போட்டிருப்பாங்க. நிழலா இருக்கெண்டு பந்தலை அங்க கட்டிப்போடாதீங்க.