சொட்டுநீர் போட்டால் போர் தண்ணீர் நிஜமாகவே மிஞ்சுமா?

குடியாத்தம்_தென்னை:
4 ஏக்கர் தென்னை, 7.5 எச்பி போர் மோட்டார், தினம் 6 மணி நேரம் வாய்க்கால் பாய்ச்சல். சிறு விவசாயிக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியம். போட்டால் தண்ணீர் மிஞ்சுமா? பஞ்சாபில் மிச்சப்படுத்தும் கரண்டுக்குக் காசு தருகிறார்களாமே, அது எப்படி?

அணைக்கட்டு_பாசனம்:
25 அடிக்கு 25 அடி என்றால் ஏக்கருக்கு 70 மரம், மொத்தம் 280. கோடையில் மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் போதும். மணிக்கு 8 லிட்டர் விடும் டிரிப்பர் மரத்துக்கு நான்கு வையுங்கள், 2 மணி நேரத்தில் வேலை முடியும். மிச்சம் 4 மணி நேரம். சிக்கலே அங்கேதான். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிக்கும் கரண்டு இலவசம், மோட்டாரை நிறுத்தினால் கையில் ஒரு பைசா நிற்காது. அதனால் பக்கத்துத் தரிசில் வாழையோ கரும்போ வைத்துவிடுகிறார்கள். விளைச்சல் கூடும், போர் மட்டம் ஏறாது.

பஞ்சாபில் 2018-ல் வந்தது இது: மோட்டார் எச்பிக்கு ஏற்ப இலவச யூனிட் அளவு, மீட்டர். அந்த அளவுக்குள் மிச்சமாகும் யூனிட்டுக்கு 4 ரூபாய். விருப்பப்பட்டவர் சேரலாம், இலவசம் பறிபோகாது. உங்கள் 4 மணி நேரம் சுமார் 25 யூனிட், அதாவது நாளுக்கு 100 ரூபாய். வேலூர் மாவட்டத்துக்கும் இப்படி ஒன்று வர வேண்டும். மீட்டர் என்றதுமே இங்கே பயம் வருவது நியாயம்தான். இலவசம் தொடரும் என்று எழுத்தில் கொடுத்தால்தான் ஆள் சேரும்.

காட்பாடி_குழாய்:
மானியத்துக்குச் சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று வேண்டும். 5 ஏக்கர் வரை 100 சதவீதம். மற்ற விவசாயிகளுக்கு 75.

போட்ட பிறகு கெடுவது சுண்ணாம்பால். உப்புத் தண்ணீரில் டிரிப்பர் அடைக்கும், ஓரத்து மரம் காயும், பலர் குழாயைச் சுருட்டிவிட்டு மறுபடி வாய்க்காலுக்குப் போய்விடுவார்கள். மணல் வந்தால் முதலில் மணல் பிரிப்பான், அப்புறம் டிஸ்க் ஃபில்டர். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த மீட்டர் வையுங்கள், வித்தியாசம் சதுர செ.மீ.க்கு அரை கிலோவைத் தாண்டினால் ஃபில்டரைக் கழுவுங்கள். சுண்ணாம்புக்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்: கடைசி டிரிப்பரில் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 4 காட்டும்வரை செலுத்தி, 24 மணி நேரம் நிறுத்தி, குழாய் முனைகளைத் திறந்து கழுவி விடுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது.

குடியாத்தம்_தென்னை:
நன்றி அண்ணா. தரிசில் புதுப் பயிர் வைக்காமல் 2 மணி நேரத்தோடு நிறுத்தினால் போதுமா?

அணைக்கட்டு_பாசனம்:
நீங்கள் மட்டும் நிறுத்தினால் அந்தத் தண்ணீரைப் பக்கத்துப் போர் இழுத்துக்கொள்ளும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் எல்லாரும் சேர்ந்து நேரத்தைக் குறையுங்கள்.