அறுபது பேர் கல்யாணமா, ஊர் கூட்டிக் கல்யாணமா?

தைக் கல்யாணப் பெண்:
தை மாதம் எனக்குக் கல்யாணம். திருப்பரங்குன்றம் கோயிலில் தாலி கட்டி, இரண்டு வீட்டாரும் நெருங்கிய சிநேகிதர்களுமாக அறுபது பேர், அப்புறம் இலை போட்டுச் சாப்பாடு. இருவருக்கும் இதுதான் ஆசை. அப்பாவோ எண்ணூறு பேருக்குக் குறையாமல் மண்டபம் பிடிக்க வேண்டும் என்கிறார். போன வருடம் அக்கா கல்யாணத்தில் மூன்று மணி நேரம் அவள் மேடையிலேயே நின்றாள். அவளுக்கு இலை போட்டபோது ரசமும் அப்பளமும்தான் மிச்சம். அப்பத்தா முன்வரிசையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் இரண்டு வார்த்தை பேச அவளால் முடியவில்லை. நான் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இது தப்பா?

உசிலம்பட்டிக்காரர்:
தப்பில்லை தாயி. ஆனால் உங்கள் அப்பா முப்பது வருடமாக எத்தனை வீட்டு விசேஷத்தில் செய்முறை, அதான் மொய், செய்திருப்பார்? எங்கள் பக்கம் வாசலில் மேசை போட்டு ஊர், பெயர், தொகை என்று எழுதுவோம். இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீதே கொடுக்கிறார்கள். வட்டியில்லாமல் கொடுத்து வைத்த பணம் அது, தன் வீட்டு விசேஷத்தில்தான் திரும்பி வரும். என் மகள் கல்யாணத்தில் மண்டப வாடகை, சமையல் கூலி எல்லாம் மொய்யில்தான் கட்டினேன். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் இதற்கென்றே மொய் விருந்து வைக்கிறார்கள். அழைக்காமல் விட்டால் அவர் எந்த முகத்தோடு கேட்பார்?

மொட்டைமாடி மாப்பிள்ளை:
அண்ணே, 2020-இல் ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றிருந்தபோது கட்டிக்கொண்டவன் நான். மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போயிற்று, மனம் கசந்துதான் மாடியில் பந்தல் போட்டோம். நாத்தனார் முடிச்சு போடும்போது என் தங்கையின் விரல்கள் நடுங்கின. கயிறு நழுவி, மறுபடி பிடித்துப் போட்டாள். கேமராக்காரர்கள் சூழ்ந்து நிற்கும் மேடையில் அது என் கண்ணில் பட்டிருக்காது. மாமனார் தன் கையால் சாம்பார் ஊற்றினார். வந்த ஐம்பது பேரும் என்ன பேசினார்கள் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியும். மொய் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அப்பா நோட்டோடு வீடு வீடாகப் போயும் பாதிதான் வந்தது.

தேனிக்காரி:
பணத்தை விடுங்கள். என் கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தார்கள். நாலாவது வருடம் புகுந்த வீட்டில் என்னை அடித்தபோது, ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பாதிப் பேர் எனக்குப் பெயர்கூடத் தெரியாத பங்காளிகள். “நாங்க இருந்துதானே தாலி ஏறுச்சு” என்று கேட்டார்கள். தங்கச்சி, உன் அறுபது பேரில் யார் வண்டி ஏறுவார்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொள்.

பத்திர எழுத்தர்:
கல்யாணம் சட்டப்படி செல்லுபடியாக ஊர் திரண்டு வரத் தேவையில்லை அம்மா. தமிழ்நாடு 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றது. மாலை மாற்றினாலும் செல்லும். பலரறிய நடத்தியே ஆகவேண்டும் என்பதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எப்படி நடந்தாலும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

தேனிக்காரி:
ஐயா, என்னிடமும் சான்றிதழ் இருந்தது. அன்றைக்கு அது பெட்டிக்குள்தான் கிடந்தது.

மொட்டைமாடி மாப்பிள்ளை:
அக்கா, நான் சொந்த ஊரிலேயே இருக்கிற ஆண்பிள்ளை. பெண் வேறு ஊருக்குப் போகிறாள் என்பதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் எனக்கு ஆபத்து என்றால் ஓடி வருகிறவர்கள் அந்த மாடியில் இருந்தவர்கள்தான்.

தைக் கல்யாணப் பெண்:
ராத்திரி அப்பாவின் மொய் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நான்கு நோட்டு. பழையதில் 51, 101 என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ‘காலமானார், மகன் இருக்கிறான்’ என்று குறிப்பு. “பணம் வராட்டியும் போகுது, இவங்க ஒரு தடவை நம்ம வாசலுக்கு வரணும்மா” என்றார். அதற்கு மேல் எனக்கு வாதாட வரவில்லை. கோயிலில் அறுபது பேர், அடுத்த ஞாயிறு ஊரில் வீட்டு வாசலில் பந்தல், எல்லோருக்கும் விருந்து, மேடை மட்டும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

உசிலம்பட்டிக்காரர்:
தாலி கட்டும்போது கூப்பிடாமல் விருந்துக்கு மட்டும் கூப்பிட்டால், “தாலிக்கு ஆகாத ஆள் மொய்க்கு மட்டும் வேணுமா” என்று கேட்பார்கள் தாயி. நானே கேட்பேன்.

தைக் கல்யாணப் பெண்:
அப்பாவும் இதைத்தான் கேட்டார் பெரியப்பா. நாளைக்கு அப்பத்தாவையும் உட்கார வைத்துப் பேசப் போகிறோம்.